முதிரைத் தூணில் ஓர் ஆணி

பரந்தன் சந்திக்குக் கிட்ட ஒரு பழைய இரும்புக் கடை. சைக்கிள் கரியருக்கு ஒரு கம்பித் துண்டு தேடிப் போனவன், குவியலைக் கிளறிக்கொண்டு நின்றேன். வன்னியில் பழைய இரும்புக் குவியல் என்றால் அதற்குள் எதுவும் இருக்கும்: கலப்பைக் கொழு, தண்ணீர்ப் பம்பின் வயிறு, யாரோ வீட்டு யன்னல் கம்பி, தையல் மெசினின் கால். இவற்றுக்கு நடுவே விரலளவு அகலத்தில் ஒரு மடக்குக் கத்தி. துடைத்துப் பார்த்தால் சவரக்கத்தி. கொம்புப் பிடியின் ஒரு பக்கத்தைப் பூச்சி அரித்திருந்தது. அலகு கறள் பிடித்துத் திறக்கவே மாட்டேன் என்றது.

"இது என்ன விலை அண்ணை?"

"இரும்பு விலைதான் தம்பி. நிறுத்துத் தரட்டோ?"

தராசில் போட்டார். முள் அசையவில்லை. சிரித்துவிட்டு, "சும்மா கொண்டு போங்கோ" என்றார். கம்பித் துண்டு வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறிய பிறகு கத்தி திறந்தது. அலகு முடிந்து பிடி தொடங்கும் கழுத்துப் பகுதியில் எழுத்துகள் தெரிந்தன. செய்தவரின் பெயரைக் கறள் தின்றுவிட்டது. ஊரின் பெயர் மட்டும் மிச்சம்: ஷெபீல்ட்.

பழைய சவரக்கத்தி சேர்ப்பவர்களுக்கு இரண்டு ஊர்கள் போதும், இங்கிலாந்தின் ஷெபீல்ட், ஜேர்மனியின் சோலிங்கன். 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற மணிக்கூடு செய்பவர், ஷெபீல்டில் உருக்கை மண் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். மணிக்கூட்டுச் சுருளுக்கு நல்ல உருக்குத் தேடியவரின் வேலை, ஊர் ஊராக ஆண்களின் தாடைக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய ஷெபீல்ட் கத்திகள் கனம் கூடியவை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆப்பு மாதிரி இருக்கும். அலகின் இரண்டு பக்கத்தையும் குழிவாகச் சாணை பிடித்து மெல்லிசாக்கும் வேலையில் பெயர் எடுத்தது சோலிங்கன். அப்படிக் குழித்த கத்தியை விரல் நகத்தால் சுண்டினால் கிண்ணென்று ஒரு சத்தம் வரும். வயதுக்கும் ஒரு சின்னக் குறிப்பு உண்டு. இறக்குமதிச் சாமான்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்டது. அதனால் 'இங்கிலாந்து', 'ஜேர்மனி' என்று நாட்டின் பெயரும் பொறித்திருந்தால் அது பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. என் கத்தியில் ஊர் மட்டும்தான். அதை வைத்து 1891-க்கு முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவுக்குப் போகாத கத்திக்கு அமெரிக்கச் சட்டம் எதற்கு?

கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு நாளும் அப்பப்பாவின் மேசைதான் நினைவில் நின்றது.

அப்பப்பா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியர். இரணைமடு வாய்க்கால்களை அளந்தே வாழ்க்கையை முடித்தவர். இளவயதில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியரின் பங்களாவில் முகம் வழிக்கிற மேசை ஒன்றைப் பார்த்திருக்கிறார். பார்த்ததைக் காகிதத்தில் கீறி, ஊர்த் தச்சரிடம் கொடுத்து முதிரை மரத்தில் செய்வித்தார். வீட்டில் அதன் பெயர் 'வழிக்கிற மேசை'. மூன்று வளைந்த கால், நடுவில் ஒரு தண்டு, அதன் மேல் வட்டப் பலகை. பலகைக்குக் கீழே இரண்டு சின்ன லாச்சி. மேலே பித்தளைக் கம்பி ஒன்று எழும்பி, அதில் ஒரு வட்டக் கண்ணாடி. திருகாணியைத் தளர்த்தினால் கண்ணாடி ஏறும், இறங்கும். ஒரு பக்கம் சாதாரணக் கண்ணாடி, மறுபக்கம் முகத்தைப் பெருப்பித்துக் காட்டும். நாங்கள் பிள்ளைகள் மறுபக்கத்தில் மூக்கைப் பார்த்துச் சிரித்து அடி வாங்கியிருக்கிறோம்.

இடது லாச்சியில் கத்தி, பன்றிமயிர்த் தூரிகை. வலது லாச்சியில் படிகாரக் கட்டி, கந்தைத் துணி, சின்னப் போத்தலில் தையல் மெசின் எண்ணெய். பலகையில் வெட்டிய வட்டக் குழிக்குள் சவர்க்காரக் கோப்பை. இவ்வளவுக்கும் ஓர் இடம் வைத்த தச்சர் ஒன்றில் மட்டும் பிழைவிட்டார். கத்தி தீட்டும் தோல்வாரை மாட்ட மேசையின் விளிம்பிலேயே ஒரு கொளுக்கி வைத்துவிட்டார். வார் என்பது ஒரு முனையை மாட்டி, மறுமுனையைக் கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்துத் தீட்ட வேண்டிய சாமான். தொய்ந்தால் கத்தியின் வாய் உருண்டுபோகும். முதல் நாள் அப்பப்பா இழுத்த இழுப்பில் மேசை, கண்ணாடி, கோப்பை எல்லாம் அவர் மேலேயே சாய்ந்ததாம். கோப்பை உடைந்தது, கண்ணாடி தப்பியது. அன்றைக்கே விறாந்தையின் முதிரைத் தூணில் ஓர் ஆணி அடித்து வாரை அங்கே மாற்றினார். முதிரையில் ஆணி இலேசில் இறங்காது. முதலில் துளைபோட்டு, ஆணிக்குச் சவர்க்காரம் பூசி அடித்ததாக அப்பா சொல்வார்.

இப்படி ஒரு மேசை ஏன் உலகத்தில் வந்தது என்று நான் பல காலம் யோசிக்கவில்லை. பணக்காரர்களின் பகட்டு என்று நினைத்திருந்தேன். அது முழுக்கச் சரியில்லை. மடக்குக் கத்தியால் தன் முகத்தைத் தானே வழிக்க இரண்டு கையும் வேண்டும். ஒரு கை கத்தி பிடிக்க, மறு கை தோலை இழுத்துப் பிடிக்க. கண்ணாடியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கே தூக்கிப் போகக் கூடியதாக, நிற்கிற ஆளின் முகத்து உயரத்துக்குக் கண்ணாடியை ஏற்றக் கூடியதாக ஒன்று வேண்டும். அதுதான் அந்த மேசை. இன்னொருவருக்கு வழிப்பவருக்கு இந்தக் கரைச்சல் எதுவும் இல்லை. அவர் முகத்தை நேரே பார்க்கிறார்.

ஐரோப்பாவிலும் வசதியானவர்கள் முகத்தை இன்னொருவரிடம் கொடுத்துத்தான் வழித்துக்கொண்டார்கள். 1769-இல் பாரிஸில் ஜான்-ஜாக் பெரே என்ற கத்தி செய்பவர், தனக்குத் தானே சவரம் செய்யப் பழகுவதற்கென்று ஒரு நூல் எழுதினார். புத்தகம் போட்டுக் கற்பிக்க வேண்டிய புது வித்தையாக அது இருந்திருக்கிறது. பிறகு வந்த நூறு ஆண்டில் மேசைகள், கோப்பைகள், தூரிகைத் தாங்கிகள் எல்லாம் பெருகின. கண்ணாடியும் மாறியது. முன்பு வெள்ளீயத்தகடும் பாதரசமும் சேர்த்துப் பூசுவார்கள். 1835-இல் யுஸ்டுஸ் லீபிக் வெள்ளியை மெல்லிய படலமாகக் கண்ணாடியில் படியச் செய்தார். அந்த வெள்ளிக்கு ஈரம் ஆகாது. அப்பப்பாவின் கண்ணாடியில் மாரிக்கு மாரி ஓரத்தில் கறுப்புப் பொட்டுகள் கூடிக்கொண்டே வந்தன. கண்ணாடிக்கு அம்மை போட்டிருக்கிறது என்று அப்பம்மா சொல்வா.

இன்னொரு விசயம். இலங்கை முதிரை இங்கிலாந்தில் பெயர் போன மரம். பட்டுத்துணி மாதிரி மினுங்கும் என்று, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அங்கே மேசை, அலுமாரிகளுக்கு மேற்பலகையாக ஒட்டினார்கள். இங்கே நாங்கள் அதே மரத்தைத் தூணாக நட்டு மாட்டைக் கட்டினோம். லண்டனில் இருக்கும் மச்சான் ஒரு பழஞ்சாமான் கடையில் பார்த்த வழிக்கிற மேசையைப் படம் எடுத்து அனுப்பினான். மஞ்சள் நிறம், அலை அலையான வைரம். "இது எங்கட முதிரையோடா?" என்று கேட்டிருந்தான். இருக்கலாம் என்று எழுதினேன். விலையைச் சொன்னான். அந்தக் காசுக்கு இங்கே ஒரு நல்ல பசு வாங்கலாம்.

இனி அந்த மேசைக்கு மறுபக்கம்.

எங்கள் ஊருக்கு முடிவெட்டும் பெரியவர் ஒருவர் கிழமைக்கு ஒருமுறை வருவார். பெயரை எழுதவில்லை, பெரியவர் என்றே இருக்கட்டும். ஊரில் அவரைப் பரியாரி என்றார்கள். நாட்டு வைத்தியரையும் பரியாரி என்றுதான் சொல்வோம், ஆனால் வைத்தியருக்கு ஓர் 'ஆர்' சேர்த்துப் பரியாரியார் ஆக்குவோம். முடிவெட்டுபவருக்கு அந்த 'ஆர்' கிடையாது. பத்து வயதுப் பொடியனும் அவரை 'நீ' என்பான். நானும் சொல்லியிருக்கிறேன். லண்டனிலும் முடிவெட்டுவோரும் அறுவை வைத்தியரும் 1540-இலிருந்து 1745 வரை ஒரே சங்கத்தில்தான் இருந்தார்கள். பிரிந்த பிறகு எந்தப் பக்கத்துக்கு 'ஆர்' போனது என்று சொல்லத் தேவையில்லை.

அவருடைய சாமான் முழுவதும் ஓர் அடைப்பத்துக்குள் அடங்கும். மடித்துச் சுருட்டும் தோல் பை. விரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொக்கற்று: இரண்டு கத்தி, கத்தரிக்கோல், கை மெசின், நகவெட்டி, உள்ளங்கை அளவில் தீட்டுக்கல், நாலு விரல் அகலத்தில் வார், படிகாரம், தண்ணீருக்கு ஒரு பித்தளைக் கிண்ணம், சட்டம் உடைந்த முகக்கண்ணாடி. கண்ணாடி வேலை முடிந்த பிறகு வாடிக்கையாளர் பார்க்கத்தான். சவர்க்காரம் இருந்தால் போடுவார். இல்லாவிட்டால் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டுத் தாடையைப் பிசைவார். ஐந்து நிமிசம் பிசைந்தால் மயிர் தானாக இளகிவிடும்.

எங்கள் வீட்டில் அப்பாவும் நாங்களும் வேப்பமரத்தின் கீழ் அவருக்கு முன்னால் உட்காருவோம். அப்பப்பா உட்கார மாட்டார். அவருக்கு மேசை இருந்தது. அதுவே அவருக்குப் பெருமை. தன் முகத்தில் தன் கையைத் தவிர வேறு கை படக் கூடாது என்பார். அதற்குள் சாதி எவ்வளவு, சுத்தம் எவ்வளவு, வெள்ளைக்காரனைப் பார்த்துப் பழகியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. மூன்றும் இருந்தன.

1996-இல் கிளிநொச்சியை விட்டு ஓடினோம். எனக்கு அப்போது 16 வயது. லான்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு மெசினின் பெட்டியில் நெல்மூட்டை, றங்குப்பெட்டி, கோழிக்கூடு, தறப்பாள், அப்பம்மா. மேசைக்கு இடம் இல்லை. அப்பப்பா ஒன்றும் சொல்லவில்லை. லாச்சிகளைத் திறந்து கத்தி, தூரிகை, படிகாரத்தை எடுத்து மடியில் கட்டினார். ஆணியில் இருந்து வாரைக் கழற்றிச் சுருட்டி இடுப்பில் செருகினார். கண்ணாடியையாவது கழற்றலாம் என்று திருகாணியைத் திருகினார்; அது இறுகிக் கிடந்தது. செல் விழும் சத்தம் கிட்டக் கேட்க, அப்பா கத்தினார். விட்டுவிட்டு வந்தோம்.

அக்கராயன் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் கொட்டில் போட்டோம். மூன்றாம் நாள் காலையில் அப்பப்பா அம்மாவின் முகக்கண்ணாடியை என்னிடம் தந்து, "பிடி" என்றார். பிடித்தேன். "மேல." மேலே தூக்கினேன். "சரி, ஆட்டாதை." ஒரு கன்னம் முடிவதற்குள் கை உளையத் தொடங்கும். மூன்று கிழமை நான்தான் அவருடைய மேசை. கை ஆடினால் கண்ணாடி ஆடும், கண்ணாடி ஆடினால் கத்தி ஆடும். அவர் தாடையில் தினம் ஒரு கீறல், தினம் படிகாரம். அந்தப் படிகாரத்தில் ஒரு துண்டை அம்மா உடைத்து எடுத்துக் கலங்கல் கிணற்றுத் தண்ணீர்க் குடத்துக்குள் சுழற்றுவா. மண் அடியில் படிந்து தண்ணீர் தெளியும். கட்டி வேகமாகத் தேய்ந்தது.

பிறகு எனக்கு மலேரியா. வன்னியில் அந்த வருசங்களில் மலேரியா வராத வீடு குறைவு. நான் பாயில் நடுங்கிக்கொண்டு கிடக்க, அப்பப்பாவின் முகத்தில் ஒரு கிழமைத் தாடி. பெரியவரும் இடம்பெயர்ந்து அங்கேதான் இருந்தார். ரோட்டோரப் பாலை மரத்தின் கீழ் இரண்டு விறகுக் குற்றி போட்டு, மரத்தில் கண்ணாடியைக் கட்டி வேலை செய்தார். ஒரு குற்றி வருபவருக்கு, மற்றது அவருக்கு. இரண்டும் ஒரே உயரம். ஒருநாள் காலையில் அப்பப்பா போய் அதில் உட்கார்ந்தார். காய்ச்சல் விட்டிருந்ததால் அப்பா என்னையும் நடத்திக் கூட்டிப்போயிருந்தார். நான் பார்த்தேன்.

பெரியவர் தன் கத்தியை எடுக்கவில்லை. "ஐயாட கத்தியைத் தாங்கோ" என்றார். அது சோலிங்கன் கத்தி, யானைத் தந்த நிறத்தில் செலுலொயிட் பிடி. வெளிச்சத்தில் பிடித்து, அலகின் வாயோரம் கண்ணை ஓட்டினார். பிறகு பெருவிரலைக் குறுக்கே மெதுவாகத் தடவினார்.

"ஐயா பிழையாத் தீட்டியிருக்கிறியள்."

அப்பப்பாவின் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

பெரியவர் வாரைப் பாலை மரத்துக் கொப்பில் மாட்டி இழுத்துக் காட்டினார். கல்லில் தீட்டும்போது வாய் முன்னால் போக வேண்டும், வாரில் தீட்டும்போது முதுகு முன்னால் போக வேண்டும். வாரில் வாயை முன்னால் தள்ளினால் தோல்தான் வெட்டுப்படும். இதெல்லாம் அப்பப்பாவுக்குத் தெரியும். பிழை திருப்புகிற இடத்தில். முனைக்கு வந்ததும் கத்தியைத் தூக்கித் திருப்பக் கூடாது. முதுகு தோலிலேயே கிடக்க, அதன் மேல் புரட்ட வேண்டும். அப்பப்பா அவசரத்தில் தூக்கித் திருப்பியிருக்கிறார், அரை நூற்றாண்டாக. ஒவ்வொரு திருப்பத்திலும் வாய் ஒரு மயிரிழை உருண்டிருக்கிறது. பெரியவர் கல்லில் கொஞ்சம், வாரில் ஓர் ஐம்பது தரம் போட்டார். முதுகும் வாயும் இரண்டும் கல்லில் படக் கிடத்தினால் சரிவைக் கத்தியே பார்த்துக்கொள்ளும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். முதுகைத் தடிப்பாக வைத்திருப்பதே அதற்குத்தான்.

வழித்து முடித்ததும் அப்பப்பா தாடையைத் தடவிப் பார்த்தார். "நல்லாச் செய்திருக்கிறியள்" என்றார். 'கிறியள்'. அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். திரும்பி வரும்போது அப்பா மெதுவாக, "தொண்டையில கத்தி இருந்தா ஆருக்கும் மரியாதை வரும்" என்று பகிடி விட்டார். அப்படியும் இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகும் அப்பப்பா கிழமைக்கு இரண்டு தரம் போனார், ஒருதரமும் 'நீ' சொல்லவில்லை.

மேசை என்ன ஆனது என்று தெரியாது. திரும்பிப் போனபோது வீட்டில் கூரையும் இல்லை, கதவும் இல்லை. விறாந்தைத் தூண்கள் நின்றன. அப்பப்பா 2001-இல் போய்ச் சேர்ந்தார். கத்தியும் வாரும் அப்பாவிடம் வந்தன. 2009-இல் தேவிபுரத்தில் பதுங்குகுழியின் சுவரில், பொலித்தீன் பையில் சுற்றிப் புதைத்தோம், அடையாளத்துக்கு ஒரு பனைவடலி. கண்ணிவெடி அகற்றி, உள்ளே போக விட்ட பிறகு போனால் வடலியும் இல்லை, குழியும் இல்லை. புல்டோசர் நிரவிய வெளி. கிடைத்திருந்தாலும் என்ன நிலையில் இருந்திருக்குமோ. செலுலொயிட் பழசானால் தானாக உக்கும். உக்கும்போது அமில ஆவி விட்டு அலகையும் தின்றுவிடும். காற்றுப் புகாமல் பொத்தி வைத்தால் இன்னும் மோசம். நாங்கள் அன்று எவ்வளவு கவனமாகச் சுற்றினோமோ அவ்வளவுக்கு அது பிழை.

அதனால்தான் இந்த இரும்புக்கடைக் கத்தியின் கொம்புப் பிடி எனக்குப் பிடித்தது. கொம்பைப் பூச்சி தின்னும், அலகை அது தின்னாது. கறளை எண்ணெயும் நுண்ணிய தாளும் போட்டு எடுத்தேன். மெசின் சக்கரத்தில் பிடிக்க ஆசை வந்தது. அடக்கிக்கொண்டேன், சூடேறினால் உருக்கின் பதம் போய்விடும், நீலம் பாய்ந்த இடம் பிறகு கூர் நிற்காது. கல்லில் 1000, 4000, 8000 என்று மூன்று படி ஏற்றினேன்; எண் கூடக் கூடக் கல் நுண்ணியது. வாருக்கு ஒரு பழைய தோல் பெல்ட். மாட்டிய இடம், வேறு எங்கே, அதே முதிரைத் தூண். புது வீட்டை அந்தத் தூண்களைச் சுற்றித்தான் கட்டினோம். ஆணி தலை தேய்ந்து, கொஞ்சம் கீழே வளைந்து, அப்படியே இருந்தது.

முதல் நாள் முப்பது பாகைச் சரிவு, மயிர் வளர்ந்த திசை, தோலை இழு என்று எல்லாப் பாடத்தையும் மனதில் சொல்லிக்கொண்டு வலது கன்னம் தப்பினேன். இடது கன்னத்துக்குக் கை மாற வேண்டும் என்பதைப் பாடத்தில் விட்டுவிட்டேன். காதுக்குக் கீழே ஒரு வெட்டு. மனைவி துவாயைக் கொண்டுவந்து தந்துவிட்டு, "பிளேட் வாங்கக் காசில்லையோ?" என்று மட்டும் கேட்டா.

வழிக்கிற மேசை ஒன்று செய்விக்கவும் நினைத்தேன். தச்சரிடம் படத்தைக் காட்டினேன். "முதிரையோ? மரத்துக்கு முதல்ல பெர்மிற் எடுங்கோ, பிறகு மேசையைப் பற்றிக் கதைப்பம்" என்றார். எடுக்கவில்லை. கண்ணாடியை யன்னலில் வைத்துச் சமாளிக்கிறேன்.

போன கிழமை கத்தியைச் சுருட்டிக்கொண்டு பெரியவரின் மகனின் சலூனுக்குப் போனேன். கிளிநொச்சியில், ஏசி போட்ட கடை, சுழலும் கதிரை மூன்று. பெரியவர் இப்போது இல்லை. கடையில் பழைய கத்தியால் யாரும் வழிப்பதில்லை. பிளேட்டை வாடிக்கையாளர் கண்முன்னால் இரண்டாக ஒடித்து, பாதியைப் பிடிக்குள் செருகி, வேலை முடிய எறிந்துவிடுகிறார்கள். நோய் தொற்றுவதற்குப் பயம், அது நியாயம். சாமிப்படத்துக்குக் கீழே தட்டில் அந்த அடைப்பம் சுருட்டியபடி இருந்தது.

"அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ" என்று நீட்டினேன்.

அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். சுண்டிப் பார்த்தார். தன் அப்பாவைப் போலவே வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணை ஓட்டினார். பிறகு முன்னங்கையில் இரண்டு மயிரில் வைத்து இழுத்தார். ஒன்று விழுந்தது, மற்றது வளைந்தது.

"தூக்கித்தானே திருப்பிறியள்?" என்றார்.